மின்சாரக் கார்களுக்குப் பொது மின்னேற்ற நிலையங்கள்: எண்ணிக்கையும் பயனும்

டெல்லியிலிருந்து சண்டிகர் செல்லும் நெடுஞ்சாலையின் ஏறத்தாழ நடுவில் கர்னால் நகரம் அமைந்துள்ளது. அங்குள்ள கர்ணா ஏரிச் சுற்றுலா விடுதியில் 2021 ஆம் ஆண்டில் மின்சாரக் கார்களுக்கான மின்னேற்ற நிலையம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. பாரத மிகுமின் நிறுவனம் சூரிய ஒளி மின்சாரத்தின் துணைகொண்டு அச்சாலை நெடுகிலும் 25 முதல் 30 கிலோமீட்டர் இடைவெளியில் அமைத்த நிலையங்களுள் அதுவும் ஒன்று. மின்வாகனங்களுக்கு ஏற்ற நாட்டின் முதல் நெடுஞ்சாலை என அச்சாலை அப்போது அறிவிக்கப்பட்டது. அந்நாளில் சாலையில் ஓடிய எல்லா வகை மின்சாரக் கார்களுக்கும் அங்கே மின்னேற்ற இயலும் என்றும் அரசின் செய்திக்குறிப்பு தெரிவித்தது.

மேலோட்டமாகப் படிப்போருக்கு இக்கடைசிச் செய்தி சிறியதாகவே தோன்றும். ஆயின், ஒரு பெட்ரோல் நிலையத்தைத் திறக்கும்போது, “இங்கு எல்லாக் கார்களுக்கும் பெட்ரோல் கிடைக்கும்” என்று எவரும் அறிவிப்பதில்லை. மின்னேற்ற நிலையத்திற்கு அவ்வாறு அறிவிக்க வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது? இவ்வினாவுக்கு விடை காணாமல் நாட்டிலுள்ள மின்னேற்ற வலையமைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது.

ஒப்பீடு பெரும்பாலும் எண்ணிக்கையைக் கொண்டே நடைபெற்று வருகிறது. 2024 பிப்ரவரியில் நாடு முழுவதும் 12,146 பொது மின்னேற்ற நிலையங்கள் இயங்கியதாக மத்திய அரசு தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்த எண்ணிக்கை 25,202 ஆக உயர்ந்தது. பத்தே மாதங்களில் இரு மடங்கானது மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. எனினும், ஸ்கூட்டருக்கு மெதுவாக மின்னேற்றும் சிறு இணைப்பும், காருக்கு ஒரு மணி நேரத்திற்குள் மின்னேற்றும் பெரும் கருவியும் இத்தகைய கணக்கில் பக்கத்தில் பக்கமாக ஒவ்வொன்றாகவே எண்ணப்படுகின்றன. டிசம்பர் கணக்கின்படி 5,765 நிலையங்களோடு கர்நாடகம் முதலிடத்தில் இருந்தது. அவற்றுள் பெரும்பகுதி பெங்களூரு நகரத்தையே சார்ந்தவை. பெங்களூருவிலிருந்து புறப்பட்டு இரவில் மாநிலத்தின் வடகோடிக்குக் காரோட்டிச் செல்பவருக்கு இவ்வெண்ணிக்கையால் விளையும் ஆறுதல் சிறிதே.

பொருந்தாத செருகி

மின்சாரக் காரின் மின்கலத் தொகுதியில் சேமிக்கப்படுவது நேர்திசை மின்சாரம். வீட்டிற்கு வருவதோ மாறுதிசை மின்சாரம். மெதுவான மின்னேற்றத்தில் இம்மாற்றத்தைக் காருக்குள்ளேயே உள்ள ஒரு சிறு கருவி செய்துகொள்கிறது. 3.3 கிலோவாட் திறனுள்ள இணைப்பில் 30 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தை நிரப்ப ஒன்பது, பத்து மணி நேரமாகும். விரைவு மின்னேற்றத்தில் அம்மாற்றம் காருக்கு வெளியே, பேச்சு வழக்கில் ‘சார்ஜர்’ எனப்படும் மின்னேற்றியில் நிகழ்ந்து, நேர்திசை மின்சாரம் தடித்த கம்பிவடத்தின் வழியே நேராக மின்கலத்திற்குச் செலுத்தப்படுகிறது. ஆகவே மின்னேற்றியும் காரும் செருகியின் வடிவத்தாலும், மின்னழுத்தத்தாலும், தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையாலும் ஒத்துப்போக வேண்டும்.

இதற்கென இந்தியாவில் 2017 இல் இரு தரங்கள் வகுக்கப்பட்டன. ‘பாரத் ஏசி-001’ என்பது தலா 3.3 கிலோவாட் திறனுள்ள மூன்று இணைப்புகளைக் கொண்டது. ‘பாரத் டிசி-001’ என்பது 48 முதல் 72 வோல்ட் வரையிலான தாழ்ந்த மின்னழுத்தத்தில் 15 கிலோவாட் வரை வழங்கவல்லது. அதன் செருகி சீனாவின் முறையைத் தழுவியது. அன்றைய நிலையில் இத்தேர்வைப் பிழையென்று கூறிவிட முடியாது. அரசு அலுவலகங்களின் பயன்பாட்டிற்காக 10,000 மின்சாரக் கார்கள் வாங்க எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் நிறுவனம் அதே 2017 இல் ஒப்பந்தப்புள்ளி கோரியது. டாட்டா, மகிந்திரா நிறுவனங்கள் அதற்கு வழங்கிய முதற் கார்கள் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்கியவை. இருந்த காருக்கேற்ற கருவியே வகுக்கப்பட்டது.

ஆனால் கார்கள் நிற்கவில்லை. 2019 ஜூலையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கோனா, 2020 ஜனவரியில் டாட்டா நெக்ஸான், எம்.ஜி. நிறுவனத்தின் இசட்.எஸ். ஆகிய கார்கள் சந்தைக்கு வந்தன. இவை யாவும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்கலங்களையும், ஐரோப்பாவில் வழங்கும் ‘சிசிஎஸ்-2’ என்னும் செருகி முறையையும் கொண்டவை. கீழ்த்தளத்துத் தொட்டிக்கு நீர் இறைக்கும் சிறு பம்பு மேல்மாடித் தொட்டிக்கு நீரை ஏற்றாததைப் போல, 72 வோல்ட் மின்னேற்றி இக்கார்களுக்குப் பயன்படவில்லை. பொதுமக்கள் வாங்கத் தொடங்கிய கார்கள் ஒருபுறமும், பொதுப்பணத்தில் நிறுவப்பட்ட மின்னேற்றிகள் மறுபுறமுமாக நின்றன. கணக்கேட்டில் மட்டும் அவை ‘நிலையங்கள்’ என்னும் பெயரில் தொடர்ந்தன.

இடையில் நேர்ந்த மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், ஒவ்வொரு பொது நிலையத்திலும் ஐந்து வகை மின்னேற்றிகள் இருத்தல் வேண்டும் எனப் பணித்தன. அவற்றுள் ஜப்பானிய முறையான ‘சாடெமோ’வும் ஒன்று, அச்செருகியை ஏற்கும் கார்கள் நாட்டில் இல்லை என்றே சொல்லிவிடலாம். வராத விருந்தினருக்கும் இலை போட்டு வைக்கும் இவ்வேற்பாட்டின் செலவைத் தாங்க முன்வந்தோர் சிலரே. 2019 அக்டோபரில் இந்நிபந்தனை தளர்த்தப்பட்டு, எவ்வகைக் கருவியை அமைப்பது என்பதை நிலையம் நடத்துவோரே முடிவு செய்யலாம் என்றாயிற்று. வலையமைப்பு உண்மையில் வளரத் தொடங்கியது அதன் பின்னரே. இன்று கார்களைப் பொறுத்தவரை ‘சிசிஎஸ்-2’ முறையே பொதுவழக்காகி, செருகிச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகளும் கணிசமான பொதுப்பணமும் விலையாயின.

நடத்துவோர் யார்?

மின்னேற்றம் என்பது மின் விற்பனை அன்று, ஒரு சேவையே. ஆகவே 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறத் தேவையில்லை என்று 2018 ஏப்ரலில் அமைச்சகம் தெளிவுபடுத்தியது. கதவு அகலத் திறந்தது. உள்ளே வந்தவர்களின் நோக்கங்கள் ஒரே தன்மையன அல்ல.

மின் உற்பத்தியிலும் வழங்கலிலும் பழகிய டாட்டா பவர் நிறுவனம் 2017 இல் மும்பையில் தனது முதல் நிலையத்தை அமைத்தது. அதே குழுமத்தின் கார்கள் பல ஆண்டுகள் சந்தையின் பெரும்பகுதியைப் பெற்றிருந்தமையால், கார் விற்கும் ஊரில் நிலையமும், நிலையம் உள்ள ஊரில் கார் விற்பனையுமாக அந்நிறுவனம் வளர்ந்தது. வதோதராவின் சார்ஜ்ஸோன், குருகிராமின் ஸ்டாட்டிக், கோயம்புத்தூரின் ஸியான் போன்ற நிறுவனங்களுக்கு மின்னேற்றமே தொழில். இவை நெடுஞ்சாலை உணவகங்களையும் தங்கும் விடுதிகளையும் நாடின. காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தில் பயணி உணவருந்துவார். உணவகத்திற்கு வணிகம், நிலையத்திற்கு இடம். அங்கே ஒரு காவலாளேனும் இருப்பார் என்பது சிறு செய்தியன்று. கம்பிவடம் தரையில் கிடந்து வண்டிச் சக்கரம் ஏறுவதும், செருகியில் மழைநீர் புகுவதும் ஆளில்லா நிலையங்களில் நேரும் வழக்கமான பழுதுகள்.

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து 22,000 மின்னேற்றிகள் அமைக்கப்போவதாக 2021 இல் அறிவித்தன. இவற்றின் பலம் நிலம். நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் இவற்றின் பெட்ரோல் நிலையங்கள் உள்ளன. விளக்கு, கழிப்பறை, குடிநீர் ஆகியவையும் உள்ளன. பாரத் பெட்ரோலியம் 2022 இல் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையைத் தனது முதல் விரைவு மின்னேற்றத் தடமாகத் தேர்ந்துகொண்டது இந்த வசதியைக் கருதியே. இம்மூன்று நிறுவனங்களுக்கும் 7,432 நிலையங்களுக்காக ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத்தின்கீழ் ரூ.800 கோடியைக் கனரகத் தொழில்கள் அமைச்சகம் 2023 மார்ச்சில் ஒதுக்கியது. ஆயினும் கருவியை நடுவது வேறு, அதற்கு மின்சாரம் வருவது வேறு. 2024 இல் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரங்களின்படி இத்திட்டத்தில் நிறுவப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருக்க, மின் இணைப்புப் பெற்றவை நூற்றுக்கணக்கில்தான் இருந்தன. ஒரு பெட்ரோல் நிலையத்திற்குப் பம்புகளை இயக்கவும் விளக்கெரிக்கவும் சில கிலோவாட் போதும். 60 கிலோவாட் மின்னேற்றிக்குத் தனி மின்மாற்றியும் சில இடங்களில் உயரழுத்த மின்தொடர் நீட்டிப்பும் தேவைப்படுகின்றன. அப்பணி எண்ணெய் நிறுவனத்தின் கையில் இல்லை. அவ்வட்டார மின் வழங்கல் நிறுவனத்தின் வரிசையில் நிற்கிறது.

மின் வழங்கல் நிறுவனமே நிலையம் அமைத்தால் இவ்விடர் எழாது என்பதற்குக் கேரளம் எடுத்துக்காட்டு. கேரள மாநில மின்வாரியம் கார்களுக்கு அறுபதுக்கு மேற்பட்ட விரைவு நிலையங்களை அமைத்தது. அதனினும் சுவையானது அதன் கம்பத்து மின்னேற்றி. 2021 அக்டோபரில் கோழிக்கோட்டில் பத்து மின்கம்பங்களில் சிறு பெட்டிகள் பொருத்தப்பட்டன. பின்னர் அவை மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேலாயின. கம்பம் ஏற்கெனவே உண்டு, மின்கம்பியும் உண்டு. ஆட்டோ ஓட்டுநர் தம் நிறுத்தத்திலேயே மின்னேற்றலாம். இதன் குறையும் வெளிப்படை. மெதுவான இணைப்பு காரில் நெடும்பயணம் செல்வோருக்கு உதவாது. மேலும், கம்பத்தைப் பராமரிக்கும் ஊழியருக்கு மின்னேற்றியின் மென்பொருளும் கட்டணக் கணக்கும் புதியவை. டெல்லி அரசு மற்றொரு வழியைக் கையாண்டது. பொது நிலங்களை அதுவே அளித்து, யூனிட்டுக்கு மிகக் குறைந்த சேவைக் கட்டணம் கேட்ட நிறுவனங்களுக்கு நூறு இடங்களை ஒதுக்கியது. வாடகைச் சுமை நீங்கியதால் அங்குக் கட்டணம் நாட்டிலேயே குறைந்தவற்றுள் ஒன்றாயிற்று.

காத்திருக்கும் கருவியின் செலவு

கட்டணம் ஊருக்கு ஊர் இவ்வளவு வேறுபடுவதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 60 கிலோவாட் மின்னேற்றி ஒன்று நாள் முழுவதும் முழுத்திறனில் இயங்கினால் 1,440 யூனிட் வழங்கும். அங்கு நாளொன்றுக்கு ஆறு கார்கள் வந்து தலா 20 யூனிட் பெறுவதாகக் கொண்டால், வழங்கியது 120 யூனிட். அதாவது திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எஞ்சிய நேரமெல்லாம் கருவி வெறுமனே நிற்கிறது. இணைப்புக்காகக் கிலோவாட்டுக்கு மாதம் ரூ.200 நிலைக்கட்டணம் என்று வைத்துக்கொண்டால் மாதத்திற்கு ரூ.12,000 ஆகும். ஆறு கார்கள் வரும் நிலையத்தில் இது யூனிட்டுக்கு ரூ.3.33 சுமையாக ஏறும். இரண்டே கார்கள் வரும் நிலையத்தில் அதே தொகை யூனிட்டுக்கு ரூ.10 ஆகிவிடும். போக்குவரத்துக் குறைந்த சாலையில் நிலையம் வைப்பவர் தண்டிக்கப்படுகிறார். நிலையமில்லாமையால் அச்சாலையில் மின்சாரக் கார்களும் வருவதில்லை.

இக்கட்டை அவிழ்க்கவே, நிலைக்கட்டணம் தனியாக இன்றி ஒரே பகுதிக் கட்டணமாக, அதுவும் சராசரி மின்வழங்கல் செலவுக்கு மிகாமல் விதிக்கப்பட வேண்டும் என மத்திய அரசின் நெறிமுறைகள் 2022 இல் வகுத்தன. டெல்லியில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தாழ்வழுத்த மின்னேற்ற இணைப்புக்கு யூனிட் ரூ.4.50 என 2019 இலேயே நிர்ணயித்திருந்தது. 2024 செப்டம்பரில் வெளியான நெறிமுறைகள் ஒரு படி மேலே சென்று, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையிலான சூரிய ஒளி நேரத்தில் சராசரிச் செலவில் பத்தில் ஏழு பங்கையும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கையும் கட்டணமாகக் கொள்ளச் சொல்கின்றன. சூரிய மின்சாரம் மிகுந்து கிடைக்கும் பகற்பொழுதில் காருக்கு மின்னேற்றுவது மின்தொகுப்புக்கும் நன்று. ஆனால் பகலில் அலுவலகத்திலும் சாலையிலும் உள்ள கார்தான் அப்பயனைப் பெறும். எனவே மலிவான பகல் மின்சாரம் பொது நிலையங்களையும் பணியிட நிலையங்களையும் சார்ந்தே மக்களைச் சென்றடைய இயலும்.

ஆயினும் விரைவு மின்னேற்றத்திற்குப் பயணி தரும் விலை பல இடங்களில் யூனிட்டுக்கு ரூ.15 முதல் ரூ.25 வரை உள்ளது. மின்சாரத்திற்குச் சரக்கு சேவை வரி இல்லை. மின்னேற்றமோ சேவை ஆனதால் 18 சதவீத வரிக்குட்படுகிறது. உரிமம் வேண்டாம் என்பதற்காக 2018 இல் கூறப்பட்ட அதே விளக்கம் இங்கே பயணியின் பைக்குச் சுமையாகியிருப்பது விந்தையே. தனி வீடும் வாகனக் கொட்டகையும் உடையவர் வீட்டு விகிதத்தில், வரியின்றி, இரவில் மின்னேற்றிக்கொள்கிறார். அடுக்குமாடியில் நிறுத்த இடமின்றித் தெருவில் காரை விடுபவரும், இரவு பகலாக ஓடும் வாடகைக் கார் ஓட்டுநரும் பொது நிலையத்தையே நம்பி, அதனினும் இரண்டு மூன்று மடங்கு கொடுக்கின்றனர். வலையமைப்புகளை ஒப்பிடுகையில் முதலில் கேட்கப்பட வேண்டியது இவர்களின் கணக்கு.

இயங்கும் நிலை

விலையைவிடவும் பயணியை வருத்துவது, தேடிச் சென்று சேர்ந்த பின் கருவி இயங்காமை. பெட்ரோல் நிலையம் மூடியிருந்தால் அடுத்த நிலையம் சில கிலோமீட்டரில் உண்டு. மின்கலத்தில் பத்து சதவீதம் எஞ்சியிருக்கையில் மின்னேற்றி அணைந்து கிடந்தால், அடுத்தது எட்டும் தொலைவில் உள்ளதா என்பது கணக்குப் பார்த்தே அறிய வேண்டியது. பழுதின் காரணங்கள் பல. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, நிலத்தொடர்பு சரியின்மை, கோடை வெப்பமும் தூசியும் உள்ளிருக்கும் மின்மாற்றத் தொகுதிகளைத் தாக்குதல் ஆகியவை ஒரு வகை. கருவி நன்றாகவே இருந்தும், அதைத் தலைமைக் கணினியோடு இணைக்கும் கைப்பேசி அலைத் தொடர்பு அறுந்துபோவதால் கட்டணம் ஏற்கப்படாமல் நிற்பது மற்றொரு வகை. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் தனித்தனிச் செயலி, தனித்தனி முன்பணக் கணக்கு என்னும் ஏற்பாடு இதை மேலும் சிக்கலாக்குகிறது. தெருவோரக் காய்கறிக் கடையிலும் யுபிஐ வழியே பணம் செலுத்தப்படும் நாட்டில், நெடுஞ்சாலையில் நின்று புதிய செயலியைத் தரவிறக்கிப் பதிவுசெய்ய நேர்வது தவிர்க்கக்கூடிய துன்பமாகும்.

அறிவிக்கப்படும் திறனும் கவனத்திற்குரியது. 60 கிலோவாட் என்று எழுதப்பட்ட கருவியில் இரு கம்பிவடங்கள் இருந்து, இரண்டிலும் கார்கள் நின்றால், பல கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 30 கிலோவாட்டே. கார் ஏற்கும் உச்ச அளவும் அதனதன் அமைப்பைப் பொறுத்தது. 80 சதவீதத்திற்கு மேல் எந்தக் காரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே இரு வலையமைப்புகளை ஒப்பிடுவோர் பெட்டியின்மேல் எழுதியுள்ள கிலோவாட்டைக் கூட்டிப் பார்ப்பதால் பயனில்லை.

வெளிநாடுகளில் இப்பாடம் சட்டமாகியுள்ளது. பிரிட்டனில் 2023 இல் இயற்றப்பட்ட விதிகளின்படி விரைவு மின்னேற்ற வலையமைப்புகள் ஆண்டு சராசரியாக 99 சதவீத நேரம் இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 500 கோடி டாலர் தேசியத் திட்டத்திற்கு 2023 இல் வகுக்கப்பட்ட விதிகள் 97 சதவீதம் எனக் கோரின. கேட்பதற்கு இரண்டும் நெருங்கிய எண்கள். ஆண்டில் நாலு நாள் பழுதுக்கும் பதினொரு நாள் பழுதுக்கும் உள்ள வேறுபாடு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒழுங்குமுறை, எந்த உறுப்பினர் பதிவும் இன்றி வழிப்போக்கர் எவரும் பணம் செலுத்தி மின்னேற்ற இயல வேண்டும் என்கிறது.

இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் ‘ஈவி யாத்ரா’ என்னும் தளத்தையும் செயலியையும் 2022 டிசம்பரில் தொடங்கி, நிலையங்களை ஒரே வரைபடத்தில் காட்ட முற்பட்டது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், பெருநகரங்களில் புதிய இணைப்புக்கான காலவரம்பை ஏழு நாளிலிருந்து மூன்று நாளாகவும், ஊரகப் பகுதிகளில் முப்பதிலிருந்து பதினைந்தாகவும் குறைத்தன. மின்தொடர் நீட்டிப்புத் தேவைப்படும் இடங்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது. நெடுஞ்சாலை நிலையங்களில் பல அத்தகைய இடங்களே. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘பிரதமர் இ-டிரைவ்’ திட்டத்தில் மின்னேற்றத்திற்கென ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இரு சக்கர மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 என 72,300 விரைவு மின்னேற்றிகள் அதன் இலக்கு. எல்லா நிறுவனங்களின் நிலையங்களையும் தேடவும், முன்பதிவு செய்யவும், பணம் செலுத்தவும் ஒரே செயலியை உருவாக்கும் பொறுப்பு பாரத மிகுமின் நிறுவனத்திற்கு அளிக்கப்படவிருப்பதாக 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது.

அச்செயலியில் எவை காட்டப்பட வேண்டும் என்பது பெரும் பணம் வேண்டாத முடிவு. நிலையம் திறக்கப்பட்ட நாளைவிட, அங்குக் கடைசியாக ஒரு கார் மின்னேற்றிச் சென்ற நேரம் பயணிக்கு உதவும். கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் இயங்கியது, எத்தனை யூனிட் வழங்கியது, இந்நேரத்தில் வரியுடன் யூனிட் விலை என்ன ஆகிய விவரங்கள் ஒவ்வொரு மின்னேற்றியின் தலைமைக் கணினியிலும் இப்போதே பதிவாகின்றன. மானியத்தின் ஒரு பகுதியை நிறுவியதற்கு அன்றி, முதலாண்டில் வழங்கிய யூனிட்டுக்கும் இயங்கிய நாளுக்கும் ஏற்ப அளித்தால், மின்மாற்றிக்காகக் காத்து நிற்கும் பெட்டிகள் கணக்கில் ஏறுவது நின்றுபோகும். போக்குவரத்துக் குறைந்த சாலைகளுக்கு யூனிட் அளவைத் தாழ்த்தி, இயங்கும் நாளின் அளவை மட்டும் அதே உயரத்தில் வைக்கலாம்.